நிலாக் காலத்து நண்டு

போர்ட் இன்னிஸ் துறைமுகத்தில் நண்டுக் கூடுகள் காய்ந்து கிடந்தன.

ஃபெரியிலிருந்து இறங்கிய இளங்கீரனின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கடற்சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த கூடுகளின் வலைகளில் உப்புப் பூத்திருந்தது. நண்டு நுழையும் வாய்களைச் சிலந்திகள் பின்னி மூடியிருந்தன. படகுகள் கட்டியபடியே ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் தளங்களில் கடற்பறவைகளின் எச்சம் அப்பம்போலத் தடித்துப் போயிருந்தது. நண்டால் பிழைக்கும் ஊர் இது. துறைமுக வாசலில் ஒரு வான் வண்டி அளவில் நண்டுச் சிலை ஒன்றுக்குச் செஞ்சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுக் கடையின் கரும்பலகையில் நண்டும் மீனும் கோடிட்டு அழிக்கப்பட்டு, கீழே சொசேஜும் சிப்ஸும் மட்டும் மிஞ்சியிருந்தன.

அவர் அதை யோசிக்கும் நிலையில் இல்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தெற்குக் கரையிலிருந்து இந்தத் தீவுக்கு வரும்வரை ஃபெரியின் பின்தட்டில் நின்று சத்தியெடுத்தபடியே வந்தவர். வயிறு வெறும் பையாய்த் தொங்கியது.

ஸ்கொட்லாந்தின் ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த மீனவர்கள், விட்டுவந்த ஊரைப் பார்த்துப் பார்த்து அச்சாகக் கட்டிய ஊர் என்று தம்பி சொல்லியிருந்தான். வளைகுடாவைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒட்டியொட்டி நின்ற வீடுகள். அவற்றுக்குப் பின்னால் மரம் ஒன்றுகூட இல்லாத கருங்கல் மலை. அவன் அனுப்பிய படங்களில் எல்லாம் பிஸ்கட் டின்னின் மூடிபோல இருந்தது. கிட்டப் போனால் அந்த வர்ணங்களுக்கு அடியில் ஈரம் ஊறிக் கொப்புளித்திருந்தது. கரையில் ஒதுங்கிய கடற்பாசி குவியல் குவியலாக அழுகி, அதற்குள் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. மெல்பேர்ணின் டண்டினொங்கில் இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் இளங்கீரன். ஒரு பெட்டியைத் திறந்ததுமே அது எந்த நாளில் வெட்டியது என்று மூக்கால் சொல்லுவார். எந்த நாற்றமும் தன்னை ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தவர், துவாயை மூக்கில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.

கமலினியைக் கூட்டிப்போக வந்திருந்தார். தம்பி அருந்தவனின் மனைவி அவள். நகரத்துக்கு வெளியே சில வருடம் வேலை செய்தால் பிஆர் என்ற நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும் என்ற விசாவில் இருவரும் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவனுக்குத் துறைமுகத்து நண்டுத் தொழிற்சாலையில். ஓய்வு நாட்களில் டங்கன் என்ற கிழவரின் படகில் கூடு இறக்கப் போவான். மூன்று மாதத்துக்கு முன், ஏப்ரலில் ஒரு நாள் வளைகுடாவின் வாயில் அலை அடித்து, டங்கனின் படகு அவன் இல்லாமல் திரும்பி வந்தது. பொலிஸ் தேடியது, சுழியோடிகள் தேடினார்கள், பிறகு எல்லோரும் தேடுவதை விட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பில்லாமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று அவள் நின்றாள். பொட்டை அழிக்கவில்லை. எட்டாம் நாள் போனவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்கும் எட்டுச் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து அதற்குக் கிரியை செய்யலாம் என்று கோயில் ஐயர் சொன்னதை இளங்கீரன் போனில் சொன்னபோது, அவள் போனை வைத்துவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தாய் ஒவ்வொரு நாளும் எடுத்து அழுதார். என்ரை பிள்ளையை அந்தத் தீவில விட்டிடாதை தம்பி என்று. விடமாட்டன் அன்ரி என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். போன கிழமைதான் கமலினி தானாகவே எடுத்தாள். வாழையிலை, கறித்தூள், ஊதுபத்தி, ஒரு வெள்ளை வேட்டி கொண்டு வாங்கோ, எட்டை இங்கையே படைப்பம், அதுக்குப் பிறகு நான் வாறன் என்றாள். மனம் மாறிவிட்டாள் என்று இளங்கீரனின் மனைவி நிரூபா விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

மேட்டின் கடைசியில் இருந்த நீல வீட்டை நெருங்கும்போது அழுகல் மணம் அறுந்து, வேறொரு மணம் வந்தது. வறுத்த மிளகாய்த்தூள், பெருஞ்சீரகம், தேங்காய்ப்பால். நண்டுக் கறி. வாய் ஊறியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

“வாங்கோ அத்தான்,” என்றாள் கமலினி. “கடல் அடிச்சதோ? முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு.”

மெலிந்து உருக்குலைந்திருப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அவளுடைய தோற்றம் ஒரு அதிர்ச்சி. கன்னம் நிறைந்து, தோல் மினுங்கி, நல்ல சாப்பாட்டில் இருப்பவளைப்போல இருந்தாள். குசினியில் அவரைக் கதிரையில் இருத்தி, புட்டையும் கறியையும் வைத்தாள். செத்தவீடு என்று இன்னும் ஒத்துக்கொள்ளாத வீடு. சாவுத் துடக்கும் இல்லை, மரக்கறிச் சாப்பாடும் இல்லை. அவர் கையைக் கழுவிவிட்டுத் தொடங்கினார்.

அப்படி ஒரு நண்டை அவர் சாப்பிட்டதில்லை. சின்னக் கால்களின் நுனிவரைக்கும் சதை அடைத்திருந்தது. உறிஞ்ச வேண்டியதில்லை, காலை முறித்ததுமே வெள்ளையாய் வழுகி வெளியே வந்தது. இனிப்பு, தேங்காய்ப்பாலையும் தாண்டிய ஒரு கொழுத்த இனிப்பு, நாக்கின் அடியில் தங்கி நின்றது. இரண்டாவது நண்டின் முதுகைப் பிரித்துக்கொண்டிருந்தபோது யன்னலால் பார்த்தார். ஐந்து மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம். வளைகுடாவுக்கு மேலே பூரணை நிலா ஏறிக்கொண்டிருந்தது.

அவருடைய கை நின்றது. நிலாக் காலத்து நண்டு சதையில்லாத வெறும் கோது என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இருட்டுக் காலத்தில்தான் சதை பிடிக்கும். பூரணையில் சந்தைக்குப் போனால் அம்மா நண்டுப் பக்கமே திரும்பமாட்டார்.

“இந்த நிலவுக்கை எப்பிடிப் பிள்ளை இவ்வளவு சதை?” என்று கேட்டார்.

“நல்ல தீன் கிடைச்சிருக்கும்,” என்றாள் கமலினி.

அவள் சாப்பிடவில்லை. எதிரில் இருந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு காலைப் பல்லில் வைத்து நொறுக்கப் போனபோது மட்டும் கையை நீட்டி மறித்தாள்.

“கோதைக் கடிக்காதேங்கோ அத்தான். முழுசா வையுங்கோ.”

தட்டிலிருந்த கோதுகளை ஒன்றும் விடாமல் பொறுக்கி ஒரு பாத்திரத்தில் போட்டாள். விரல் நகத்தளவு துண்டைக்கூட மேசையில் தேடி எடுத்தாள். பயணக் களைப்பில் அவர் நேரத்தோடு படுத்தபோது, குசினியில் தண்ணீர் ஓடும் சத்தமும், பிரஷ் ஒன்றால் எதையோ விடாமல் தேய்க்கும் சத்தமும் கேட்டன. கோதை ஏன் கழுவ வேண்டும் என்று நினைத்தபடியே நித்திரையாகிப் போனார்.

காலையில் நிரூபாவுடன் கதைக்க வெளியே வந்தார். மேட்டில் சிக்னல் இல்லை, படகுத்துறைவரை நடக்க வேண்டியிருந்தது. கமலினி நாளைக்கு வர ஒத்துக்கொண்டதைச் சொன்னார். நிரூபா பெருமூச்சு விட்டாள். பிறகு சாப்பிட்டியளோ என்று கேட்டாள். அவர் நண்டுக் கறியைப் பற்றிச் சொன்னார்.

“ஓ, அப்ப தம்பியின்ர எட்டுக்குப் போன இடத்தில இருந்து நண்டை நல்லா வளைச்சுக்கட்டித் தின்னுறியள்,” என்றாள்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாட்களுக்குப் பிறகு.

படகுத்துறையில் கட்டியிருந்த படகொன்றில் ஒரு கிழவர் இருந்து பார்த்தார். டங்கன். எழுந்து வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உன் தம்பி நல்ல பையன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இளங்கீரனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, உங்கள் ஊர் நண்டு பிரமாதம், ராத்திரி சாப்பிட்டேன் என்றார்.

டங்கனின் முகம் மெல்ல மாறியது. கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டார். பிறகு தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னார். இங்கே ஒருவரும் நண்டு பிடிப்பதில்லை. ஏப்ரலுக்குப் பிறகு ஒரு கூடுகூட இறக்கவில்லை. கடல் ஒருவரை எடுத்துக்கொண்டு திருப்பித் தராவிட்டால், ஒரு வருடத்துக்கு இந்த வளைகுடாவிலிருந்து ஒன்றையும் எடுப்பதில்லை, ஒன்றையும் தின்பதில்லை. எங்கள் தகப்பன்மார் அந்த ஸ்கொட்லாந்துத் தீவிலிருந்து கொண்டுவந்த வழக்கம். நண்டு எதைத் தின்னும் என்று உனக்குத் தெரியும்தானே.

இளங்கீரனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. சுனாமிக்குப் பிறகு ஊரில் மாதக் கணக்காக ஒருவரும் மீன் வாங்கவில்லை. கடலுக்கே போகாத குடும்பங்கள்கூட வாங்கவில்லை. மீன்காரர் கூவிக்கொண்டு வந்தால் அம்மா கேற்றைச் சாத்துவார். கடல் ஆளைத் திண்டால் மீனுக்கும் பங்கு போகுமடா என்பார். எல்லாம் தெரிந்தவர். காய்ந்த கூடுகளையும் அழித்த பலகையையும் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தவர். நிலாவையும் பார்த்தவர்.

டங்கன் படகுத்துறையின் முனையைப் பார்த்தார். அங்கே கடைசித் தூணில் ஒரு நீல நைலோன் கயிறு கட்டியிருந்தது. மற்ற எல்லாக் கயிறும் வெளுத்திருக்க, அது மட்டும் ஈரமாக இருந்தது.

இளங்கீரன் போய் அதை இழுத்தார். கனத்தது. கூடு தண்ணீரைவிட்டு மேலே வந்தபோது அதற்குள் இருந்ததெல்லாம் ஒரே திரளாக அசைந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கால்களைக் கால்களுக்குள் கோத்து, நுரை கக்கிக்கொண்டு, கூட்டின் கம்பி தெரியாமல் நண்டு. கொழுத்து, முதுகோடு வயிறு ஒட்டும் இடத்தில் பிதுங்கிய நண்டு. எல்லாம் நடுவில் இருந்த, இரை வைக்கும் பையை மொய்த்திருந்தன. அதில் மீன் துண்டு இல்லை. மடித்துக் கட்டிய ஒரு துணி இருந்தது. வீட்டில் உடுக்கும், பச்சைக் கட்டம் போட்ட சாரம். போன தைப்பொங்கலுக்கு டண்டினொங் கடையில் அவரே வாங்கித் தம்பிக்கு அனுப்பியது.

கூட்டை விட்டுவிட்டு படகுத்துறையின் விளிம்பில் குந்தி, தொண்டைக்குள் விரலை விட்டார். பச்சைத் தண்ணீர் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. வயிற்றில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ராத்திரியோடு எல்லாம் இரத்தத்தில் ஏறிவிட்டது. நாக்கின் அடியில் அந்த இனிப்பு மட்டும் இன்னும் இருந்தது. துப்பினார். எச்சிலும் இனித்தது.

வீட்டில் கமலினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் கதவடியில் வந்து நின்றார். அவள் திரும்பி அவருடைய நனைந்த கைகளைப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“தெரிஞ்சுதான் அத்தான்,” என்றாள்.

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. முதியோர் இல்லத்தில் செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி விடுபவள். அந்தக் குரலிலேயே சொன்னாள்.

“உடம்பில்லாமல் எப்பிடிக் கிரியை எண்டு எல்லாரும் கேட்டியள். உடம்பு எங்கை போனது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. பிறகு புல்லில செய்யச் சொன்னியள். அவர் புல்லே அத்தான்?”

அவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். அப்படி முடிவு செய்ததும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. டொக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, மெல்பேர்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். சத்தம் போட்டால் வரமாட்டேன் என்று கதவைப் பூட்டிக்கொள்வாள். கமலினி அரிசியை அடுப்பில் வைத்தபடி, இண்டைக்குப் பின்னேரம் படைச்சிட்டு நாளைக்குக் காலமை ஃபெரிக்கு உங்களோட வாறன், சத்தியமா வாறன் என்றாள். படைக்க வேண்டியது தமையன், அதனால்தான் அவரைக் கூப்பிட்டது என்றாள். ஒரு பின்னேரம்தானே. அருவருப்பை விழுங்கிக்கொண்டு அவர் தலையாட்டினார்.

பிறகு அவள் அறையைத் திறந்து காட்டினாள்.

உள்ளே குளிர்ந்த கடல் மணமும் சவர்க்கார மணமும் கலந்து நின்றன. கட்டிலில் அவர் கொண்டுவந்த வெள்ளை வேட்டி விரித்திருந்தது. அதன்மேல் அருந்தவன் கிடந்தான்.

அப்படித்தான் முதலில் தெரிந்தது. யன்னல் வெளிச்சத்துக்குக் கண் பழகியபிறகுதான் அது கோது என்று பிடிபட்டது. நெஞ்சில் பெரிய முதுகு ஓடுகள், ஒன்றின் விளிம்பை ஒன்று தொட, ஓடு வேய்ந்த மாதிரி. தொடைக்கும் கைக்கும் நீளக் கால்கள், தடித்ததிலிருந்து மெலிந்ததாக. விரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடுக்கு நுனி. தோளின் அகலம் சரியாக இருந்தது. இடது கால் கொஞ்சம் உள்வளைந்து நின்றது, தம்பிக்கு அப்படித்தான். ஒவ்வொரு கோதும் பிரஷ் போட்டுத் தேய்த்து, உள்ளும் புறமும் ஒரு நார் சதை இல்லாமல், கிண்ணம் போலச் சுத்தமாக இருந்தது. முகத்தில் சின்னச் சின்ன ஓடுகள். கண் இருக்க வேண்டிய இடங்கள் பள்ளமாக விடப்பட்டிருந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இல்லை. ஓட்டை இருந்தது.

“ராத்திரி நீங்கள் சாப்பிட்டது இந்த வலக் கை,” என்றாள் கமலினி. “மிச்சம் எல்லாம் நான்.”

நாலரைக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அவர் குளித்தார். அவருடைய கையாலேயே கட்டிலுக்கு முன்னால் வாழையிலையைப் போட்டார். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல், தம்பிக்குப் பிடித்த நண்டு. டங்கன் துக்கம் கேட்க வந்தபோது கொடுத்த ஸ்கொட்ச் விஸ்கியில் ஒரு கிளாஸ். விளக்கு, ஊதுபத்தி. கறி ஆவி மேலேறி அந்தக் கோதுகளில் பட்டு, நெஞ்சுப் பக்கம் வேர்த்ததுபோலத் துளி பிடித்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு கற்பூரம் காட்டினார்.

படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். போனவர் கூச்சப்படாமல் வந்து சாப்பிட்டுப் போவதற்காக. கொஞ்ச நேரம் விட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பது. எத்தனையோ வீடுகளில் இளங்கீரன் அப்படி நின்றிருக்கிறார். ஆட்கள் விறாந்தையில் நின்று கிரிக்கெட் கதைப்பார்கள், ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து, நேரம் காணும், திறவுங்கோ என்பார். கதவுக்குப் பின்னால் யாரும் வந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒருவரும் நம்பி அவர் பார்த்ததில்லை.

இங்கே ஒடுங்கிய நடைபாதையில் இரண்டு பேர். லைற்றை அவள் அணைத்துவிட்டாள். கதவின் அடியில் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது. வெளியே காற்று மலையிலிருந்து இறங்கி, வீட்டின் இடுக்குகளில் புகுந்து, கடற்பாசியின் அழுகல் நெடியை உள்ளே கொண்டுவந்து விட்டுப் போனது. சுவரில் சாய்ந்த அவருடைய முதுகில் ஈரம் பட்டது. சுவர்க் கடதாசிக்குப் பின்னால் ஏதோ மெதுமெதுவென்று இருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டார். நாளைக்குக் காலையில் ஃபெரி. பின்னேரம் வீடு. அதை மட்டும் நினைத்தார்.

உள்ளே கிளாஸ் அசைந்த சத்தம் கேட்டது.

எலி என்று நினைத்தார். தீவு வீடுகளில் எலி இருக்கும்.

பிறகு இன்னொரு சத்தம். ஓட்டோடு ஓடு உரசும் சத்தம். மூட்டைக்குள் சிப்பி சரிவதுபோல, முதலில் கொஞ்சம், பிறகு நெடுக. நின்றது. மறுபடி வந்தது. அதற்கு நடுவே உறிஞ்சும் சத்தம். நண்டுக் காலை வாயில் வைத்து, கன்னம் குழிய உறிஞ்சும் சத்தம். தம்பி சாப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று நிரூபா பகிடி பண்ணுவாள்.

இருட்டில் கமலினியின் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஆறுதலான மூச்சு.

உறிஞ்சல் நீண்டது. வழித்தது. நக்கியது.

நின்றது.

பிறகு கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து. மெதுவாக, மரியாதையாக.

“முடிஞ்சுது,” என்றாள் கமலினி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

இளங்கீரன் வாசல் கதவைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரம். மேட்டால் இறங்கினால் டங்கனின் வீடு. ஓடலாம். ஆனால் ஓடினால் அவளை விட்டுவிட்டு ஓட வேண்டும். அவளுடைய தாய்க்குக் கொடுத்த வாக்கு. இழுத்துக்கொண்டென்றாலும் போக வேண்டும். கையைப் பிடித்து. இப்போதே.

உள்ளே அவள் ஓங்காளித்துக் குமட்டும் சத்தம்.

ஒரு தரம். இன்னொரு தரம். நீளமாக.

கதவைத் தள்ளினார்.

இலை வழித்துத் துடைத்ததுபோல இருந்தது. கிளாஸ் காலி. கட்டிலின் விளிம்பில் கமலினி முழந்தாளிட்டு, அந்த முகத்தின்மேல் குனிந்திருந்தாள். அவளுடைய வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து வெள்ளையாக, நார் நாராக, ஈரமாக, ஒரு கையின் தடிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அது சத்தி இல்லை. சத்தி விசையோடு வரும். இது அமைதியாக இறங்கியது. கீழே இருந்த ஓட்டைக்குள் ஒரு சொட்டுச் சிந்தாமல் போனது. போகப் போக, நெஞ்சின் ஓடுகள் ஒவ்வொன்றாக மேலெழும்பின. இடுக்குகளில் சதை பிதுங்கியது. வெள்ளைச் சதை. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், புதுச் சதை. வயிறு நிறைந்தது. தொடை நிறைந்தது. அவளுடைய கன்னம் ஒட்டியது. கழுத்து எலும்பு எழும்பியது. சட்டை தோளிலிருந்து வழிந்தது.

கடைசி நார் அறுந்தது. அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். ஒட்டிய முகம். சிரித்தாள்.

“அத்தான்,” என்றாள். “வலக் கை உங்களிட்ட.”

அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தது. மூடவில்லை.

வயிற்றின் அடியில் ஏதோ புரண்டது. தொடையிலிருந்து, தோளிலிருந்து, முதுகுத் தண்டிலிருந்து, போய்ச் சேர்ந்த இடங்களிலிருந்தெல்லாம் கழன்று, ஒன்றாகத் திரண்டு, மேலே ஏறியது. தொண்டை விரிந்தது. இனித்தது. கால்கள் தாமாகவே கட்டிலை நோக்கி நடந்தன. முழங்கால்கள் தாமாகவே மடிந்தன.

வேட்டியின்மேல் அந்த முகம், ஓட்டோடு ஓடு உரச, அவருடைய பக்கம் திரும்பியது. குருவிக் குஞ்சைப்போல வாயைத் திறந்து காத்திருந்தது. கண் பள்ளங்கள் இரண்டிலும் அப்போதுதான் வெள்ளையாக எதுவோ நிறையத் தொடங்கியிருந்தது.